கொலுவுக்கு வந்த சுரங்க ரயில்

எஞ்சின் பாதி மலைவரை நன்றாகத்தான் ஏறியது. பிறகு அங்கேயே நின்று உறுமியது. சக்கரங்கள் சுற்றின; ரயில் நகரவில்லை. பின்னால் மாட்டியிருந்த மூன்று குட்டிப் பெட்டிகளும் சேர்ந்து அதை மெல்லக் கீழே இழுத்துக்கொண்டு வந்தன.

அடிவாரத்தில் அனன்யா குப்புறப் படுத்திருந்தாள். இரண்டு கைகளையும் குவித்து, சரிந்து வந்த ரயிலைத் தரையில் விழாமல் ஏந்திக்கொண்டாள். எடுத்து என்னிடம் நீட்டினாள். "மறுபடியும்" என்று சொல்லவில்லை. "அகெய்ன்" என்றும் சொல்லவில்லை. நீட்டினாள், அவ்வளவுதான். அப்போது அவளுக்கு மூன்றரை வயது.

நியூ ஜெர்சியின் பார்சிப்பனியில் எங்கள் அபார்ட்மென்ட் ஹால் முழுக்கப் பழைய செய்தித்தாள். மைதாப் பசை வாசனை. மறுநாள் நவராத்திரி ஆரம்பம். மலை இன்னும் சரியாகக் காயக்கூட இல்லை.

அலுவலகத்திலிருந்து வந்த என் கணவர் ரகு ஷூவைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று பார்த்தார்.

"என்ன, ஏற மாட்டேங்குதா? பேட்டரி மாத்திப் பாத்தியா?"

"பேட்டரி இல்ல. சரிவு ஜாஸ்தி."

"அதான் வீட்ல ஒரு சிவில் இன்ஜினியர் இருக்காங்களே, அவங்களக் கேளேன்."

கிண்டல்தான். ஆனால் இந்த நாட்டுக்கு வந்த பிறகு என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. டிபென்டன்ட் விசாவில் வந்தவள் நான். வேலை பார்க்க அனுமதி கிடையாது. படித்த படிப்பு சூட்கேஸ் அடியில் சான்றிதழாகக் கிடந்தது. பசை ஒட்டிய கையோடு நான் எதற்கு அவ்வளவு சிரித்தேன் என்று ரகுவுக்குப் புரிந்திருக்காது.

போன வாரம் இந்தத் தொடரில் நான் டிரைவிங் டெஸ்ட்டில் தோற்ற கதையைப் படித்துவிட்டு, "நீங்கள் எதற்குத்தான் பயப்பட மாட்டீர்கள்?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். யோசித்துப் பார்த்தேன். மலை கட்டப் பயப்பட மாட்டேன் போலிருக்கிறது. ஆனால் அந்த மலையைக் கட்ட வைத்ததும் ஒரு பயம்தான்.

பாடு கண்ணா

அதற்கு முந்தைய வருடம், லலிதா ஆன்ட்டி வீட்டுக் கொலு. எங்கள் பக்கத்துத் தமிழர்களில் லலிதா ஆன்ட்டி மூத்தவர். நாங்களெல்லாம் வருவதற்கு ரொம்ப முன்பே வந்து, வீடு வாங்கி, பேஸ்மென்ட்டில் ஒன்பது படி கட்டிக் கொலு வைப்பவர். நவராத்திரி சனிக்கிழமை அங்கே போகாதவர்கள் ஊரில் இல்லை என்று அர்த்தம்.

கொலுவுக்கு வரும் குழந்தைகள் பாட வேண்டும். யாரும் எழுதிவைக்காத சட்டம். ஒரு பெண் பாதி கீர்த்தனை பாடி மறந்துபோய் நிற்பாள். ஒரு பையன் பள்ளியில் சொல்லிக்கொடுத்த ரைம்ஸைக் கத்துவான். எல்லாவற்றுக்கும் ஒரே கைதட்டு. லலிதா ஆன்ட்டி எல்லாப் பாட்டுக்கும் தொடையில் தாளம் போடுவார், தாளமே இல்லாத பாட்டுக்கும்.

"இப்ப அனன்யா குட்டி பாடப் போறா. வா கண்ணா, ஆன்ட்டிக்கு ஒண்ணு. சின்னதா."

அனன்யா என் புடவைத் தலைப்புக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டாள்.

"ஷையா? ரைம்ஸ்கூட ஓகேம்மா. ஒரே ஒரு லைன்."

"அவளுக்குத் தூக்கம் வந்துடுச்சு ஆன்ட்டி," என்றேன். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஆரம்பித்தது.

"இன்னும் பேசலையா? வசம்பு சுட்டு நாக்குல தேச்சியா?"

"டிவிய ஆஃப் பண்ணு மொதல்ல."

"வீட்ல ரெண்டு லாங்வேஜ் பேசுறீங்களா? அதான் கன்ஃப்யூஸ் ஆகுது. இங்கிலீஷ் மட்டும் பேசு."

"இங்கிலீஷ் எதுக்கு, அது ஸ்கூல்ல தானா வந்துடும். தமிழ் மட்டும் பேசு."

"என் நாத்தனார் பையன் ரொம்ப லேட்டாத்தான் பேசினான். இப்ப வாயை மூடுடான்னு கெஞ்சுறோம்."

எல்லாரும் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். அதனால்தான் எனக்குத் தப்பிக்க வழி தெரியவில்லை. ஒவ்வொன்றையும் செய்தேன். வசம்பு சுட்டேன், புகை அலாரம் அலறியது. டிவியை நிறுத்தினேன். கொஞ்ச நாள் ஆங்கிலம் மட்டும் பேசினேன். எனக்கே நான் கஸ்டமர் கேர் போல் கேட்டது. பிறகு கொஞ்ச நாள் தமிழ் மட்டும். இரண்டையும் அனன்யா ஒரே பொறுமையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா, பா, கார், நோ. ஏதோ ஒரு நாள் "லைட்". அவ்வளவுதான் அவளிடம் இருந்தது. காது நன்றாகக் கேட்கிறது என்று டாக்டர் சோதித்துச் சொல்லிவிட்டார். அடுத்ததாகக் குழந்தைகளின் பேச்சை மதிப்பிடும் ஓர் இடத்துக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே இடம் கிடைக்கப் பல மாதம் ஆயிற்று. கடைசியில் கிடைத்தது, நாங்கள் மலை கட்டிய வருட நவராத்திரி முடிந்த கையோடு.

என் கணக்கு

அந்தச் சந்திப்புக்கு முன்னால் இன்னொரு முறை "பாடு கண்ணா" கேட்க எனக்குத் தெம்பு இல்லை. அவளுக்கு அது எப்படி இருந்தது என்பதும் தெரியவில்லை. அவள் சொல்ல மாட்டாளே.

கொலுவுக்குப் போகாமல் இருப்பது எப்படி? உடம்பு சரியில்லை என்றால் ரசத்தோடு வீட்டுக்கே வந்துவிடுவார்கள். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். அந்தச் சனிக்கிழமையை இந்த ஒரு வருடம் லலிதா ஆன்ட்டியிடம் கேட்டு வாங்கி, நாமே கொலு வைத்து எல்லோரையும் கூப்பிட்டுவிட வேண்டியது. வருகிற வீட்டுக் குழந்தைகள் பாடும். அழைத்த வீட்டுக் குழந்தை குங்குமமும் சுண்டலும் எடுத்துக் கொடுக்கும். யாரும் அவளைப் பாடச் சொல்ல மாட்டார்கள்.

இந்தக் கணக்கை மிகுந்த பெருமையோடு பர்வீனிடம் சொன்னேன். பர்வீன் எங்கள் கீழ் வீடு. கீழக்கரைக்காரி. கணவர் ஜெர்சி சிட்டியில் ஒரு வங்கிக்கு வேலை பார்த்தார். காலையில் போனால் ராத்திரிதான் வருவார். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பகல் முழுக்க அவள் என் வீட்டில், அல்லது நான் அவள் வீட்டில்.

"உன்னை யாரு இன்ஜினியரிங் பாஸ் பண்ண விட்டா?" என்றாள். "எங்க பக்கத்து வீட்ல வருஷா வருஷம் கொலு வைப்பாங்க. சுண்டலுக்கு மொத ஆளு நாந்தான். மொதல்ல யாரப் பாடச் சொல்லுவாங்க தெரியுமா? வீட்டுப் புள்ளையத்தான்!"

"இன்வைட் அனுப்பிட்டேனே."

"எத்தன பேருக்கு?"

"எல்லாருக்கும்."

பர்வீன் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "சரி விடு. சுண்டலாச்சும் உப்புப் பாத்துப் பண்ணு."

நூலகத்திலிருந்து வந்த மலை

கொலுப் படிக்குக் கீழே, தரையில், குழந்தைகளுக்காக ஒரு பார்க் வைப்போம் அல்லவா? மணலைப் பரப்பிக் கடுகு தெளித்து முளைக்கவைத்து, கண்ணாடித் துண்டால் குளம் செய்து. படிகள் பெரியவர்களுடையவை, பார்க் குழந்தையுடையது. என் குழந்தைக்கு என்ன பிடிக்கும் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.

பல மாதம் முன்னால், நூலகத்தில் பெரியவர்கள் பகுதியிலிருந்து ஒரு கனமான புத்தகத்தை அவளே இழுத்துக்கொண்டு வந்தாள். அட்டையில் பாறைச் சுவரை ஒட்டி ஒரு குட்டிக் கரி எஞ்சின். அமெரிக்க மலைகளில் சுரங்க ஊர்களுக்கு ஓடிய குறுகிய பாதை ரயில்களின் கதை. திருப்பிக் கொடுக்கும் நாள் வரும்போதெல்லாம் புதுப்பித்தோம். அவள் படம் பார்த்தாள். நான் படித்தேன்.

கல்லூரியில் ரயில்வே பேப்பரில் அகலப் பாதை, மீட்டர் பாதை, குறுகிய பாதை என்று அளவுகளை மனப்பாடம் செய்து எழுதியவள் நான். குறுகிய பாதை ஏன் குறுகியது என்று யாரும் கேட்கவில்லை; நானும் கேட்கவில்லை. பதில் இந்தப் புத்தகத்தில் இருந்தது. கொலராடோ மலைகளில் வெள்ளி கிடைத்தபோது, பெரிய ரயிலுக்கு வேண்டிய அகலத்துக்குப் பாறையை வெட்ட அங்கே யாரிடமும் வசதி இல்லை. அதனால் தண்டவாளங்களை நெருக்கி, மூன்றடி இடைவெளியில் போட்டார்கள். சின்னப் பாதைக்குச் சின்ன எஞ்சின். சின்ன எஞ்சினால் முழங்கை போன்ற வளைவிலும் திரும்ப முடியும். மலையை வெட்டி நேராக்குவதற்குப் பதில், மலை போகிற போக்கில் பாதையை வளைத்துக்கொண்டு போனார்கள்.

அதற்கு முன்பு கோவேறு கழுதைகள்தான் தாது மூட்டைகளைச் சுமந்துகொண்டு நாள்கணக்கில் இறங்கும். ரயில் வந்ததும் கூடாரங்கள் ஊராயின. கீழே போகும்போது தாதுக் கல். மேலே வரும்போது மாவு, ஆணி, ஜன்னல் கண்ணாடி, அடுப்பு, கடிதம், பள்ளிக்கூடத்துக்கு டீச்சர். ஒரு படத்தில் பியானோ ஒன்றைத் திறந்த பெட்டியில் கயிறு போட்டுக் கட்டி ஏற்றிக்கொண்டு போனார்கள்.

இன்னொரு படத்தில் ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு, பனி மூடிய பிளாட்பாரத்தில் நிற்கிறாள். பனி அதிகமானால் வாரக்கணக்கில் ரயில் வராதாம். அந்தக் குழந்தைக்குப் பால் தீர்ந்திருந்தால் அவள் என்ன செய்திருப்பாள்? எப்போதோ செத்துப்போன ஒருத்திக்காக நான் பார்சிப்பனியில் உட்கார்ந்து கவலைப்பட்டேன். கவலைப்படுவதற்கு எனக்கு ஆள் போதாது போலிருந்தது.

இந்தக் குட்டி ரயில்களுக்கு ஒரு சங்கடம் இருந்தது. மலையை விட்டு இறங்கிச் சமவெளிக்கு வந்தால், அங்கே பெரிய ரயிலின் அகலத் தண்டவாளம். இந்தப் பெட்டி அந்தப் பாதையில் ஓடாது. அதனால் இரண்டும் சந்திக்கும் நிலையத்தில், சின்னப் பெட்டியில் இருப்பதையெல்லாம் ஆட்கள் மண்வாரியால் அள்ளிப் பெரிய பெட்டியில் போட வேண்டும். ஒவ்வொரு கல்லையும். மழையிலும் பனியிலும்.

அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். கடையில், பூங்காவில், டாக்டரிடத்தில் நான் செய்துகொண்டிருந்த வேலை அதுதான். அவள் விரல் நீட்டுவாள். நான் வார்த்தையாக்கி மற்றவர்களுக்கு ஏற்றிவிடுவேன். அவளுக்கு ஜூஸ் வேண்டுமாம். அவளுக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லையாம். நாளைக்கு ஸ்கூலில் நான் இல்லாதபோது யார் அள்ளிப் போடுவார்கள்?

புத்தகத்தின் கடைசிப் பகுதி சோகமானது. வெள்ளி விலை விழுந்தது. சுரங்கங்கள் மூடின. தண்டவாளங்களைப் பெயர்த்து இரும்புக்கு விற்றார்கள். ஊர்கள் ரயிலுக்குப் பின்னாலேயே போய்விட்டன. அந்தப் பக்கங்களை அனன்யா எப்போதும் சேர்த்துத் திருப்பிவிடுவாள். அவளுக்கு ரயில் இல்லாத படங்களில் அக்கறையில்லை.

மூச்சு வாங்காத பாதை

கொலராடோ வரைக்கும் போக வேண்டியதில்லை என்று பிறகு தெரிந்தது. எங்கள் வடக்கு ஜெர்சி மலைகளிலும் ஒரு காலத்தில் இரும்புச் சுரங்கங்கள் இருந்திருக்கின்றன.

பர்வீனுக்கு ஒரு நடைபாதையை யாரோ சொல்லியிருந்தார்கள். குழந்தையை வைத்து ஸ்ட்ரோலர் வண்டி தள்ள வசதியானதாம். இலை நிறம் மாற ஆரம்பித்திருந்த ஒரு காலைப்பொழுதில் போனோம். அவள் ஸ்ட்ரோலரைத் தள்ள, அனன்யா முன்னால் நடந்தாள். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். வெகுதூரம் போய்த் திரும்பிப் பார்த்தால், காரை நிறுத்திய இடம் எங்கேயோ கீழே இருந்தது.

"எப்படி இவ்வளவு ஒசரம் வந்தோம்? எனக்கு மூச்சே வாங்கலையே," என்றாள் பர்வீன்.

எனக்கும் விளங்கவில்லை. கொஞ்ச தூரத்தில் மரத்தடியில் ஒரு பலகை. சுரங்கத்திலிருந்து இரும்புத் தாதுவைச் சின்ன வண்டிகளில் இறக்கிக்கொண்டு வந்த பழைய தண்டவாளப் பாதை இது என்று எழுதியிருந்தது. அதைப் படித்ததும் என் வாயை யாராலும் மூட முடியவில்லை. பாரம் ஏற்றிய வண்டி இறங்கும்போது தறிகெட்டு ஓடக் கூடாது, காலி வண்டியை இழுத்து ஏறும் பிராணி களைத்துவிடக் கூடாது, அதற்காக அங்குலம் அங்குலமாக ஏறும்படி மலையைச் சுற்றிப் பாதை போட்டிருக்கிறார்கள் என்று விளக்கினேன்.

"ஆக, கழுதைக்குன்னு போட்ட ரோட்ல நாம நடக்குறோம்."

"கோவேறு கழுதை."

"ரொம்ப முக்கியம்."

அனன்யா பாதையோரம் குனிந்து கறுப்புக் கற்களைப் பொறுக்கி ஒவ்வொன்றாக ஸ்ட்ரோலர் கூடையில் போட்டாள். பாரம் ஏறியது. பர்வீன் குனிந்து அழுத்தித் தள்ளினாள்.

செட்டியார் கடை போட்ட ஊர்

ரயில் சறுக்கிக்கொண்டிருந்த அந்த மாலைக்குத் திரும்பி வருகிறேன்.

நான் செய்த தப்பு பளிச்சென்று தெரிந்தது. அடிவாரத்திலிருந்து உச்சிக்கு நேராகத் தண்டவாளம் போட்டிருந்தேன். படம் பார்த்துப் பார்த்து, படித்துப் படித்து, அந்தப் பாதையில் கால் வைத்து நடந்த பிறகும், அவசரத்தில் நேர்வழி!

ரொட்டி வெட்டும் கத்தியால் மலையை அறுத்தோம். ரகு ஆபீஸ் சட்டையோடு உட்கார்ந்து பசை தடவினார். மலை அகலமாகி, சோபாவைத் தள்ள வேண்டியதாயிற்று. அடியில் ஒரு பெரிய வளைவு, அதற்குள் ஒரு சின்ன வளைவு, பிறகு உச்சி. சுற்றிக்கொண்டு இறங்க மறுபக்கம் இன்னொரு பாதை.

எஞ்சின் ஏறியது. நிதானமாக, உறுமாமல், சந்தேகமே இல்லாமல் ஏறியது.

ரகு கைதட்டினார். அனன்யா தட்டவில்லை. கன்னத்தைக் கார்ப்பெட்டில் வைத்துப் படுத்து, சக்கரம் வளைவில் திரும்புவதை ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். பிறகு எழுந்து சமையலறைக்குப் போய், சுண்டலுக்கு ஊறப்போட நான் எடுத்துவைத்திருந்த கொண்டைக்கடலையைக் கைநிறைய அள்ளிக்கொண்டு வந்தாள். மூன்று பெட்டியிலும் நிரப்பினாள். எங்கள் சுரங்கத்தில் அதுதான் தாது.

ஊர் வேண்டுமே. பிஸ்கட் டப்பா ஸ்டேஷன் ஆயிற்று. கொலுப் படியில் இருந்த செட்டியார் பொம்மையையும் அவர் மனைவியையும் அரிசி பருப்போடு இறக்கி மலை உச்சியில் கடை வைத்தோம். கல்யாண செட் பொம்மைகள் ரயிலுக்காகக் காத்திருந்தன. ஐஸ்கிரீம் குச்சிகளைப் பரப்பி, கடைக்குப் போகும் சாலை ஒன்று தண்டவாளத்தைக் கடக்கும்படி ரகு அமைத்தார். அனன்யா அந்தக் குச்சிகளைக் கலைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி அவளுக்குச் சரியென்று பட்ட இடத்தில் மறுபடி வைத்தாள்.

வீட்டுப் பொண்ணு எங்கே?

சனிக்கிழமை வந்தது. வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. நான் காலையிலிருந்து ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டிருந்தேன்: தொண்டை கட்டியிருக்கிறது. பழைய தூக்கப் பொய்யைவிட இது தேவலை என்று தோன்றியது.

லலிதா ஆன்ட்டி பட்டுப்புடவையை மடித்துக்கொண்டு பார்க் முன்னால் உட்கார்ந்தார்.

"இது என்னடி, ஊட்டியா?"

"இல்ல ஆன்ட்டி, கொலராடோ. அந்தக் காலத்து வெள்ளிச் சுரங்கம்."

"கொலராடோல செட்டியாருக்கு என்ன வேலை?"

"வெள்ளி எங்க கெடச்சாலும் உப்பு புளி விக்க ஆளு வேணுமே ஆன்ட்டி," என்றாள் பர்வீன், சுண்டல் தட்டோடு.

லலிதா ஆன்ட்டி சிரித்த சிரிப்பில் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. பாட்டு ஆரம்பித்தது. சஹானா என்ற பெண் நன்றாகவே பாடினாள். அவள் தம்பி கீபோர்டு வாசிப்பதுபோல் காற்றில் வாசித்துக் காட்டினான். தாளம் நடந்துகொண்டிருந்தது. அடுத்து யார் என்று நான் கதவருகே நின்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

"அது சரி, வீட்டுப் பொண்ணு எங்க? அவதானே மொதல்ல பாடியிருக்கணும்!"

பர்வீன் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"ஆன்ட்டி, அவளுக்குத் தொண்டை..."

அனன்யா மலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். யாரையும் பார்க்கவில்லை. ரயில் கடலையை ஏற்றிக்கொண்டு உச்சியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. வளைவு முடிந்து, குச்சிச் சாலையை நெருங்கியது. அவள் தலையை நிமிர்த்தினாள்.

"கூ.........! கூ.........! கூ! கூ.............!"

அடுத்த அபார்ட்மென்ட்டுக்குக் கேட்டிருக்கும். அறை அப்படியே நின்றது. ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். எனக்குக் காது சுட்டது. "அது ஒண்ணுமில்ல ஆன்ட்டி, அது ரயில், அவளுக்கு ரயில்னா..." என்று எல்லாவற்றையும் எடுத்துச் சொல்லிவிட வாயைத் திறந்தேன்.

லலிதா ஆன்ட்டியின் கை தொடையில் இன்னும் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. நீளம், நீளம், குட்டை, நீளம். அதைத் தவறவிடாமல் பிடித்திருந்தார்.

"இன்னொரு தரம் பாடு, கேட்போம்," என்றார்.

அனன்யா உடனே பாடவில்லை. ரயில் சுற்றி வரவேண்டுமே. மலையின் பின்பக்கம் போய், ஏறி, செட்டியாரைத் தாண்டி, இறங்கும்வரை காத்திருந்தாள். பட்டுப்புடவை கட்டிய அத்தனை பேரும் அவளோடு சேர்ந்து காத்திருந்தார்கள். ரயில் சாலையை நெருங்கியது.

"கூ.........! கூ.........! கூ! கூ.............!"

"பாடிட்டா," என்றார் லலிதா ஆன்ட்டி. குங்குமச் சிமிழை எடுத்து அவள் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தார். சுண்டல் கிண்ணத்தை அவள் கையில் கொடுத்தார். "அடுத்தது யாரு?"

"அவ பாடினதையே நானும் பாடறேன்," என்று சிரித்த பையன் கையைத் தூக்கினான்.

"அது அவ பாட்டு. நீ உன் பாட்டப் பாடு."

நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். எதையும் எடுத்துச் சொல்லவில்லை. சமையலறைக்குப் போய், யாருக்கும் தேவைப்படாத தண்ணீரைப் பல டம்ளர்களில் ஊற்றினேன். ரகு பின்னாலேயே வந்தார்.

"அது நம்ம லெவல் க்ராஸிங் ட்ரெயினுடி," என்றார் மெதுவாக. "கடைக்குப் போறப்ப கேட்ல நிப்போமே, ரோட்டத் தாண்டுறதுக்கு அடிக்குமே, அதே விசில். அப்படியே அடிக்கிறா."

அந்தக் கேட்டில் எத்தனை முறை நின்றிருக்கிறோம். ரயில் தாமதமாக்குகிறது என்று முணுமுணுத்ததைத் தவிர வேறெதையும் நான் கேட்டதில்லை.

ஒரு பாட்டு

அடுத்த வாரம் அந்த மதிப்பீட்டு இடத்துக்குப் போனோம். அங்கே என்ன சொன்னார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பேச்சுப் பயிற்சி தேவை, நீண்ட காலம் ஆகலாம், எவ்வளவு வரும் என்று இப்போது சொல்ல முடியாது. நான் பயந்தபடியேதான் நடந்தது. தமிழா ஆங்கிலமா என்று கேட்டேன். உங்களுக்கு எது இயல்போ அது, என்றார்கள். நான் நம்பவில்லை. இன்னும் இரண்டு பேரிடம் கேட்டுவிட்டுத்தான் நம்பினேன்.

நான் சொல்ல வந்தது அதற்குச் சற்று முன்னால் நடந்தது.

சின்ன அறை. தரையில் பாய். அனன்யாவுக்கு முன்னால் மரக்கட்டைகளும் ஒரு மர ரயிலும். சுருட்டை முடிக்கார இளம்பெண் ஒருத்தி கையில் பேனாவோடு என்னிடம் மெல்லிய ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டே வந்தாள். இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்கிறாளா? இல்லை. பெயர் சொல்கிறாளா? இல்லை. கேள்வி கேட்கிறாளா? இல்லை. ஒவ்வொரு இல்லைக்கும் என் குரல் சிறிதாகிக்கொண்டே போயிற்று. ரகு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாடுவாளா?"

இல்லை என்று சொல்ல நாக்கு தயாராக இருந்தது.

"ஒரு பாட்டு உண்டு," என்றேன்.

"அப்படியா? எப்படி இருக்கும்?"

குழந்தைகளுக்கான குட்டி நாற்காலியில், முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே காத்திருந்தவர்கள் தெரிந்தார்கள். வெட்கமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். நீளமாக ஒன்று, நீளமாக இன்னொன்று, குட்டையாக ஒன்று. கடைசியை ஆரம்பித்ததுமே மூச்சும் வெட்கமும் சேர்ந்து பிடித்துக்கொள்ள, பாதியில் விட்டுவிட்டேன்.

பாயிலிருந்து அந்தக் குரல் எழுந்தது. நான் விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டது.

கண்ணைத் திறந்தேன். அனன்யா நிமிரவே இல்லை. கட்டைகளை அடுக்கி ஒரு சாலை போட்டிருந்தாள். அவள் கையிலிருந்த மர ரயில் அப்போதுதான் அதன்மேல் ஏறியிருந்தது. எஞ்சின் கடந்தது. ஒரு பெட்டி கடந்தது. கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். குரல் நடுங்கிற்று, மெலிந்தது, ஆனால் நிற்கவில்லை. கடைசிப் பெட்டியும் கடந்து முடியும்வரை என் மகள் பாடினாள்.